எரிபொருளும் எஞ்சினும்
மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகள் புகட்டும் பாடம்

உண்பவனின் உடலியல்பு நோக்கி உணவை வகுத்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட முறை. குழந்தைக்கு ஆகும் உணவு முதியவர்க்கு ஆகாது. உழவனுக்கு ஏற்றது நோயாளிக்கு ஏலாது. உயிரற்ற எஞ்சினுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எரிகின்ற எண்ணெய் எதுவாயினும் ஊற்றினால் வண்டி ஓடும் என்று நினைப்போரும் உளர். விலை மிகுந்த எண்ணெயை ஊற்றினால் வண்டி மிகுந்த வேகத்துடன் ஓடும் என்று நம்புவோரும் உளர். இவ்விரு கருத்துகளும் பிழையானவை. எஞ்சினுக்கும் எரிபொருளுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் உண்டு. அவ்வொப்பந்தம் யாது, அது முறிந்தால் நேர்வது யாது, முறிந்ததை ஓரளவேனும் ஒட்டவைக்கும் வழி யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நாம் வாழும் ஹெந்தளையைச் சுற்றிலும் இப்பாடத்திற்கு வேண்டிய சான்றுகள் நிரம்ப உள. வடக்கே கெரவலப்பிட்டியில் முத்துராஜவலை எண்ணெய்க் களஞ்சியத்தின் பெருந்தாங்கிகள் நிற்கின்றன. மேற்கே கடலோரத்தில் திக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகம் இருக்கின்றது. அங்கே பல நாள் கடலில் தங்கும் பெரும்படகுகள் டீசலில் இயங்குகின்றன. இக்கரையோரத்தின் சிறு வள்ளங்களிற் பூட்டிய வெளியிணைப்பு எஞ்சின்களோ மண்ணெண்ணெயில் இயங்குகின்றன. கிழக்கே நீர்கொழும்பு வீதியில் ஓடும் மோட்டார் வண்டிகளும் முச்சக்கர வண்டிகளும் பெற்றோலை நாடி நிற்கின்றன. ஒரே மூலவெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மூன்று எண்ணெய்கள், மூவகை எஞ்சின்கள். ஒன்றின் உணவு மற்றொன்றிற்கு ஆகாதது ஏன்?

எஞ்சின் எரிபொருளிடம் வேண்டுவன

1876ஆம் ஆண்டில் ஜேர்மனியரான நிக்கொலவுஸ் ஒற்றோ என்பார் நான்கடிப்பு எஞ்சினை வெற்றியுற இயக்கிக் காட்டினார். உள்ளிழுத்தல், நெருக்குதல், எரிந்து தள்ளுதல், வெளியேற்றல் என்னும் அந்நான்கு செயல்களே இன்றும் நம் பெற்றோல் வண்டிகளில் நடைபெறுகின்றன. இவை செவ்வனே நடைபெற வேண்டுமாயின், எஞ்சின் தன் எரிபொருளிடம் நான்கு பண்புகளை எதிர்பார்க்கின்றது.

முதலாவது, அது எளிதில் ஆவியாதல் வேண்டும். நீர்மமாக இருக்கும் எண்ணெய் எரிவதில்லை. அதன் ஆவியே எரிகின்றது. பெற்றோல் ஏறத்தாழ 35 பாகை செல்சியசில் கொதிக்கத் தொடங்கி 200 பாகையளவில் முற்றாக ஆவியாகிவிடும். மண்ணெண்ணெயோ 150 பாகையளவில்தான் கொதிக்கத் தொடங்கும். ஆகவே, குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் துளிகளாகவே நின்றுவிடும். தீப்பொறி பறந்தாலும் பற்றாது.

இரண்டாவது, அது காற்றுடன் உரிய அளவிற் கலத்தல் வேண்டும். ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். எதனோலுக்கு 9 கிலோகிராம் போதும். ஏனெனில் அதன் மூலக்கூறிலேயே ஒட்சிசன் இருக்கின்றது. காற்று மிகுந்தால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறித் தடுமாறும். எண்ணெய் மிகுந்தால் கலவை செறிந்து கரும்புகை கக்கும்.

மூன்றாவது, அது பொறுமையுடையதாதல் வேண்டும். பிஸ்ரன் மேலெழுந்து கலவையை நெருக்கும்போது வெப்பநிலை பெரிதும் உயர்கின்றது. தீப்பொறி வரும்வரை கலவை பற்றாமல் இருத்தல் வேண்டும். பற்றிய பின்னரும் சுடர் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்திற்கு ஒழுங்காகப் பரவுதல் வேண்டும். பொறுமையற்ற எண்ணெயாயின், சுடர் சென்று சேருமுன்னரே எஞ்சியுள்ள கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். அப்போது எழும் அமுக்க அலைகள் சிலிண்டரின் சுவரிலும் பிஸ்ரனின் தலையிலும் மோதுகின்றன. மேட்டில் ஏறும் வண்டியில் நாம் கேட்கும் ‘கிணிகிணி’ என்னும் தட்டொலி இதுவே.

நான்காவது, அது உரிய கணத்தில் எரிந்து முடிதல் வேண்டும். நிமிடத்திற்கு 3000 முறை சுழலும் எஞ்சினின் மாற்றித்தண்டு ஒரு பாகை திரும்புவதற்கு ஒரு செக்கனில் 18,000இல் ஒரு பங்கு நேரமே எடுக்கும். சுடர் பரவுவதற்கு வேண்டிய நேரத்தைக் கணித்து, பிஸ்ரன் உச்சியை அடையுமுன்னரே தீப்பொறியை இடுதல் வேண்டும். இதனையே மெக்கானிக்குமார் ‘டைமிங்’ என்பர்.

பொறுமையை அளக்கும் அளவுகோல்

பெற்றோலின் பொறுமையை அளப்பதற்கு 1920களின் பிற்பாதியில் ஒக்ரேன் எண் என்னும் அளவுகோல் வகுக்கப்பட்டது. ஐசோ-ஒக்ரேன் என்னும் ஐதரோகாபனுக்கு 100 என்றும், நேர்ச் சங்கிலியான ஹெப்ரேனுக்கு 0 என்றும் எண்கள் கொடுக்கப்பட்டன. சோதனை எஞ்சினில் ஒரு பெற்றோல், இவ்விரண்டின் எந்தக் கலவையைப் போன்று தட்டுகின்றதோ, அக்கலவையிலுள்ள ஐசோ-ஒக்ரேனின் வீதமே அப்பெற்றோலின் ஒக்ரேன் எண்ணாகும். நம் நாட்டு நிரப்பு நிலையங்களிற் காணப்படும் 92, 95 என்னும் எண்கள் இவையே. இவ்வெண் சக்தியின் அளவன்று, பொறுமையின் அளவு. ஒக்ரேன் 95இல் ஒக்ரேன் 92ஐக் காட்டிலும் மிகுந்த சக்தி அடங்கியிருக்கின்றது என்று கருதுதல் தவறு.

பொறுமை மிகுந்த எண்ணெயை மிகுதியாக நெருக்கலாம். மிகுதியாக நெருக்கினால் அதே துளியிலிருந்து மிகுந்த வேலையைப் பெறலாம். ஏட்டுக் கணக்கின்படி, நெருக்கல் விகிதம் 5 ஆகவுள்ள எஞ்சின் எரிபொருளின் வெப்பசக்தியில் ஏறத்தாழ 47 வீதத்தையும், 7.2 ஆகவுள்ளது 55 வீதத்தையும், 8.3 ஆகவுள்ளது 57 வீதத்தையும் வேலையாக மாற்றக்கூடும். உராய்வாலும் வெப்ப இழப்பாலும் உண்மை எஞ்சின்கள் இவ்வளவை எட்டுவதில்லை எனினும், ஏறுமுகம் இதுவே. 1921இல் அமெரிக்கரான தோமஸ் மிட்ஜ்லி என்பார் ஈயச் சேர்வையொன்று தட்டலைத் தடுக்கும் என்று கண்டதும், எஞ்சின் அமைப்போர் நெருக்கலை உயர்த்தலாயினர். அவ்வீயம் காற்றில் கலந்து குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சாயிற்று என்பதைப் பின்னரே உலகம் உணர்ந்தது. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது.

நெருக்கலைத் தாழ்த்துவது எவ்வாறு என்பதை மாணவர் ஒரு கணக்கின் வாயிலாக அறிந்துகொள்ளலாம். 1956இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 வண்டியின் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. நான்கு சிலிண்டர்கள் இருத்தலின், பிஸ்ரன் ஒவ்வொன்றும் 237 கன சென்ரிமீற்றரைக் கடக்கின்றது. இவ்வெஞ்சின் 8.3, 7.2 என்னும் இரு நெருக்கல் விகிதங்களில் அமைக்கப்பட்டது. விகிதம் 8.3 ஆயின், பிஸ்ரன் உச்சியில் நிற்கும்போது மேலே எஞ்சியிருக்கும் இடம் 237ஐ 7.3ஆல் வகுத்தால் வரும் 32.5 கன சென்ரிமீற்றர். விகிதம் 7.2 ஆயின், 237ஐ 6.2ஆல் வகுக்க 38.2 வரும். ஆகவே வேண்டிய மேலதிக இடம் 5.7 கன சென்ரிமீற்றர் மாத்திரமே. சிலிண்டரின் குறுக்குப்பரப்பு 31 சதுர சென்ரிமீற்றர் ஆதலின், தலைமூடிக்கும் கட்டைக்கும் இடையில் ஏறத்தாழ 1.8 மில்லிமீற்றர் தடிப்பை மிகையாக வைத்தால் அவ்விடம் கிடைத்துவிடும். நெருக்கலைக் குறைக்க வேண்டிய மெக்கானிக் தடித்த காஸ்கெற்றை நாடுவதன் பொருள் இப்போது விளங்கும்.

யாழ்ப்பாணம் நடத்திய பரீட்சை

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர், வடக்கிற்குப் பெற்றோலும் டீசலும் செல்வது தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெய் மாத்திரம் ஓரளவு கிடைத்தது. அதுவும் பெருவிலைக்கே கிடைத்தது. இரவு விளக்கிற்கும் அதுவே வேண்டும். சிறு போத்தலிற் பஞ்சும் திரியும் இட்டு, ஒரு துளியும் வீணாகாமல் எரித்த ‘ஜாம் போத்தல்’ விளக்கின் வெளிச்சத்திற் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தவர் நம் பழைய மாணவர் குடும்பங்களிலும் உளர். அந்நாளில் நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லவும், நெல்லையும் மரக்கறியையும் சந்தைக்கு எடுத்துச்செல்லவும் வண்டிகள் ஓடவேண்டியிருந்தன. பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டுவதன்றி வேறு வழியில்லை.

அப்பரீட்சையில் வென்றவை புதிய வண்டிகளல்ல. ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்பேர்ட் முதலிய பழைய பிரித்தானிய வண்டிகளே. பழமையே அவற்றிற்கு வலிமையாயிற்று. இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

அவை பொறுமை குறைந்த பெற்றோல் விற்பனையான காலத்தில் அமைக்கப்பட்டவை. ஆதலின் அவற்றின் நெருக்கல் விகிதம் பெரும்பாலும் 7ஐ ஒட்டியே இருந்தது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் பொதுவாகப் பெற்றோலினதன் பாதியையும் எட்டாது எனினும், தாழ்ந்த நெருக்கலில் மிதமான வேகத்தில் அதனைச் சமாளிக்க முடிந்தது. அடுத்து, ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களிற் பல, காற்று உட்புகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்குமாறு அமைந்தவை. வெளியேறும் புகையின் வெப்பம் உட்புகும் கலவையைச் சூடாக்கி மண்ணெண்ணெயை ஆவியாக்கிற்று. மூன்றாவதாக, காபரேற்றர், டிஸ்ரிபியூற்றர், பிளக் ஆகிய யாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. திருப்புளியும் சாவியும் கொண்டு எவரும் அவற்றைத் திருத்தலாம். கணினி ஒன்றின் அனுமதியை வேண்டி நிற்கவேண்டிய நிலை இருக்கவில்லை.

செய்முறையை இனி நோக்குவோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது என்று கண்டோம். ஆகவே, சிறு போத்தலிற் காத்துவைத்த சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்கு ஊட்டி எஞ்சினைக் கிளப்புவர். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பெற்றோல் அந்நாளில் மருந்தைப்போல் அளந்து விற்கப்பட்டது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தோர் சில துளிகளைக் கொண்டே கிளப்பப் பழகினர். திரும்பவும் கிளப்ப வேண்டுமே என்ற அச்சத்தால் இடையில் எஞ்சினை நிறுத்த எவரும் விரும்பவில்லை.

இரண்டாவது திருத்தம் டைமிங். பொறுமையற்ற எண்ணெய்க்குத் தீப்பொறியைச் சற்றுத் தாமதித்து இடுதல் வேண்டும்; அன்றேல் தட்டல் எழும். டிஸ்ரிபியூற்றரின் பிடியைத் தளர்த்தி அதனைச் சில பாகை திருப்பினால் இது கைகூடும். ஆனால், தாமதித்தால் எரிதலின் ஒரு பகுதி பிஸ்ரன் கீழிறங்கிய பின்னர் நடைபெறும், வலு குறையும், வெளியேறும் புகையின் வெப்பம் மிகும், வெளியேற்று வால்வு கருகும். எனவே, தட்டல் ஓயும் அளவிற்குத் தாமதித்து, அதற்கு மேல் ஒரு பாகையும் தாமதிக்காமல் நிறுத்துவதே கைத்திறன். கருவி ஏதுமின்றிக் காதினால் மாத்திரம் கேட்டு அவ்விடத்தைக் கண்டறிந்த மெக்கானிக்குமார் அக்காலத்திற் பலர்.

மூன்றாவது, கலவையின் அளவு. இங்கே இரு விளைவுகள் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. மண்ணெண்ணெய் பெற்றோலைக் காட்டிலும் அடர்த்தி கூடியது. லீற்றருக்குப் பெற்றோல் ஏறத்தாழ முக்காற் கிலோகிராமும் மண்ணெண்ணெய் 0.8 கிலோகிராமும் இருக்கும். ஆதலின் ஒரே துளையால் ஒரே கனவளவு சென்றாலும் எடை மிகும். ஆனால் அதன் பிசுக்குமையும் கூடியது. ஆதலின் சிறு துளையூடாக மெல்லவே செல்லும். அன்றியும், அடர்ந்த எண்ணெயில் மிதவை உயர்ந்து மிதந்து வாயிலை முன்னதாகவே அடைத்துவிடும்; கிண்ணத்தின் எண்ணெய் மட்டம் தாழும். இவற்றுள் எது மேலோங்கும் என்பதை ஏட்டில் மாத்திரம் கணித்துவிட இயலாது. மொறிஸ் மைனரின் எஸ்.யூ. காபரேற்றராயின், ஜெற்றின் அடியிலுள்ள நட்டை மேலேற்றினால் கலவை மெலியும், கீழிறக்கினால் செறியும். சிறிது திருப்பி, வண்டியை ஓட்டி, பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்த்தலே முடிவான சோதனை. முனை மண்ணிறமாயின் கலவை நன்று. கரிபடிந்து கறுப்பாயின் செறிவு. வெளிறி வெண்மையாயின் மெலிவு.

நான்காவது, வெப்பம். பெற்றோல் எஞ்சின் குளிர்மையை விரும்பும். மண்ணெண்ணெய் எஞ்சின் சூட்டை விரும்பும். சூடு குறைந்தால் ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவரில் வழிந்து கீழே எஞ்சின் ஒயிலுடன் கலந்துவிடும். நாள்தோறும் ஒயில் மட்டம் பார்ப்போருக்கு இதில் ஒரு விந்தை தோன்றும். ஓடும் எஞ்சினில் ஒயில் குறைய வேண்டியதற்குப் பதிலாக அது கூடிக்கொண்டே வரும். அதுகண்டு மகிழ்தல் பேதைமை. கூடியது ஒயிலன்று, மண்ணெண்ணெய்; மெலிந்துபோன ஒயில் பெயரிங்குகளைக் காக்காது. நோயாளியின் உடல் பருத்துவிட்டது என்று மகிழ்ந்திருக்க, அது வீக்கமாக முடிந்த கதை இது.

முன்னோடிகளும் மாற்று வழியினரும்

யாழ்ப்பாணத்து மெக்கானிக்குமார் நெருக்கடியிற் கண்ட இவ்வழிகளை, அமைதிக் காலத்தில் ஆலைகளில் அமர்ந்து பொறியியலாளர் முன்னரே ஆராய்ந்திருந்தனர். பிரித்தானியாவில் உழவு இயந்திரங்களுக்கெனத் தனி வகை மண்ணெண்ணெய் விற்கப்பட்டது. பெர்குசன் நிறுவனம் 1949 முதல் அதற்கேற்ற உழவு இயந்திரத்தை வெளியிட்டது. பெற்றோலிற் கிளப்பி, சூடேறியதும் மாற்றுதல், தாழ்த்திய நெருக்கல், கலவையைச் சூடாக்கும் குழாய் ஆகிய அனைத்தும் அதிலும் உண்டு. நம் கரையோர வள்ளங்களின் மண்ணெண்ணெய் எஞ்சின்களிலும் இம்முறையே கையாளப்படுகின்றது. கரைசேருமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டிய பின்னரே எஞ்சினை நிறுத்துதல் வேண்டும் என்பது கடற்றொழிலாளர் அறிந்த ஒழுங்கு. மறுநாள் விடியலில் காபரேற்றரில் பெற்றோல் இருந்தாலன்றோ எஞ்சின் ஒரே இழுப்பிற் கிளம்பும்!

இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பெற்றோல் அரிதானபோது, சென்னை மாகாணத்தில் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. பின்புறத்தில் அடுப்புப்போன்ற உருளையிற் கரியை அரைகுறையாக எரித்து, எழும் காபனோரொட்சைட்டை எஞ்சினுக்கு ஊட்டினர். காற்றின் நைதரசன் அதில் பெரும்பங்கு கலந்திருத்தலின் வலு மிகவும் குறைந்தது; ஏற்றங்களில் வண்டி மூச்சுத் திணறிற்று. ஆயினும் மக்கள் ஊர்போய்ச் சேர்ந்தனர்.

டீசல் எஞ்சினின் இயல்போ நேர்மாறானது. அதில் தீப்பொறி இல்லை. நெருக்கலின் வெப்பத்தாலேயே எண்ணெய் தானாகப் பற்றுதல் வேண்டும். பெற்றோல் எஞ்சினிற் குற்றமாகக் கொள்ளப்பட்ட பொறுமையின்மை டீசல் எஞ்சினிற் குணமாகின்றது. ஆகவே, மண்ணெண்ணெய் அதில் எளிதில் எரியும். அங்கு எழும் இடர் வேறு. டீசலின் வழுவழுப்பே எண்ணெய்ப் பம்பின் நுண்ணிய பாகங்களைத் தேயாது காக்கின்றது. மண்ணெண்ணெயில் அவ்வழுவழுப்புக் குறைவு. அதனாலேயே வடக்கில் டீசல் வண்டி வைத்திருந்தோர் மண்ணெண்ணெயுடன் தாவர எண்ணெயையும் சிறிது கலந்தனர். 1900இல் பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் எஞ்சினொன்று நிலக்கடலை எண்ணெயில் இயக்கிக் காட்டப்பட்டது என்பதை நினைவுகூர்ந்தால், அவர்களின் முயற்சி விஞ்ஞானத்தின் பழைய பாதையிலேயே சென்றது என்பது புலனாகும்.

பெற்றதும் இழந்ததும்

இங்ஙனம் கூறுவதால் மண்ணெண்ணெய் பெற்றோலுக்கு ஈடாகும் என்று எவரும் முடிவுகட்டலாகாது. அவ்வண்டிகள் ஓடின, ஆனால் விலை கொடுத்தே ஓடின. பிளக்குகளிற் கரி படிந்தது, வால்வுகள் கருகின, பிஸ்ரன் வளையங்கள் ஒட்டிக்கொண்டன, வெண்புகை வீதியில் நின்றோரின் கண்களைக் கரிக்கச் செய்தது. ஒயிலை அடிக்கடி மாற்றுதலே மருந்து. ஒயிலும் அரிதாயிருந்த நாளில் அம்மருந்து எல்லோர்க்கும் கிட்டவில்லை. ஓர் உயிரைக் காக்க ஓர் எஞ்சினைத் தேய்ப்பது அறமாகும். வேறு வழி இருக்கவும் தேய்ப்பது அறியாமையாகும். பிறருடைய எஞ்சினைத் தேய்த்து இலாபம் தேடுவதோ களவாகும்.

இறுதியிற் கூறியது வெறுஞ்சொல்லன்று. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை நாம் மறந்திருக்கமாட்டோம். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒக்ரேன் 92 பெற்றோலின் விலை லீற்றருக்கு 450 ரூபா. மண்ணெண்ணெயின் விலை அம்மாதம் 340 ரூபாவாக உயர்த்தப்படும்வரை 87 ரூபா. ஐந்து மடங்கு விலை வேறுபாடு இருக்கும்போது கலப்படத்தின் ஆசையும் பெருகுமன்றோ? அப்போது முச்சக்கர வண்டிக்கு வாரத்திற்கு 5 லீற்றரே பங்கீடாகக் கிடைத்தது. மணிக்கணக்காக வரிசையில் நின்று பெற்ற அவ்வைந்து லீற்றரிலும் மண்ணெண்ணெய் கலந்திருந்தால், அன்றாட உழைப்பாளியின் பிழைப்பே கெட்டுவிடும். மண்ணெண்ணெய்க்கெனத் திருத்தப்படாத எஞ்சினுக்கு, அவன் அறியாமலே அதனை ஊட்டுவது நோயாளிக்குப் பொய் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். ஐயுறும்போது எளியதோர் சோதனை உண்டு. நெருப்பில்லாத திறந்த இடத்தில், வடிதாளொன்றில் ஒரு துளி பெற்றோலை இட்டால், சில நிமிடங்களில் அது கறையின்றி ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க்கறை தங்கும்.

இக்காலத்து வண்டியும் நம் கடமையும்

இப்போது நம் வீதிகளில் ஓடும் வண்டிகளிற் பெரும்பாலானவை தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. புகைக்குழாயில் அமைந்த ஒட்சிசன் உணரி கலவையைக் கண்காணிக்கின்றது. தட்டலை உணரும் கருவி டைமிங்கைத் தாமதிக்கின்றது. அக்காலத்து மெக்கானிக்கின் கண்ணும் காதும் இப்போது கணினியிற் குடியேறிவிட்டன எனலாம். ஆயினும் அக்கணினிக்கும் எல்லை உண்டு. மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயை அதனாற் சமாளிக்க இயலாது. புகையைத் தூய்மையாக்கும் கிரியாவூக்கிப் பேழையும் கெட்டுவிடும். ஆகவே, யாழ்ப்பாணத்துப் பழைய முறையைப் புதிய வண்டியில் எவரும் முயன்று பார்த்தல் ஆகாது.

ஒக்ரேன் 92ஆ, 95ஆ என்னும் வினாவுக்கு வண்டியின் கைந்நூலே விடை கூறும். யப்பானில் விற்கப்படும் சாதாரண பெற்றோலின் ஒக்ரேன் எண்ணுக்கு அந்நாட்டு நியமம் வகுத்த கீழெல்லை 89. அப்பெற்றோலுக்கென அமைக்கப்பட்டு இங்கு வந்திறங்கிய வண்டிக்கு 92 தாராளமாகப் போதும். 95 ஊற்றினால் பணப்பைக்கு நட்டமேயன்றி எஞ்சினுக்கு ஊட்டமில்லை. உயர் ஒக்ரேன் வேண்டும் என்று கைந்நூல் கட்டளையிடும் வண்டிக்கோ 92ஐ ஊற்றிச் சேமிக்க நினைத்தல் ஆகாது. அங்கே கணினி டைமிங்கைத் தாமதித்து எஞ்சினைக் காக்க முயலும். வலுவும் குறையும், எண்ணெய்ச் செலவும் கூடும்.

இந்தியாவில் 2025ஆம் ஆண்டளவில் பெற்றோலில் 20 வீதம் எதனோல் கலக்கும் நிலை நாடெங்கும் எய்தப்பட்டது. எதனோலின் பொறுமை மிகுதி; ஆனால் ஒரு லீற்றரில் அடங்கிய சக்தி பெற்றோலினதன் மூன்றில் இரண்டு பங்கே. அதற்கெனத் திருத்தப்படாத காபரேற்றரிற் கலவை மெலியும். பழைய வண்டிகளின் றப்பர் பாகங்கள் சிலவும் அதற்குத் தாங்கா. தமிழ்நாட்டில் பழைய வண்டி வைத்திருப்போர் இப்போது எதிர்நோக்கும் வினாவும் நாம் முன்னர் ஆராய்ந்த அதே வினாவே: எஞ்சினை எரிபொருளுக்கு இசைவிப்பது எங்ஙனம்?

பழைய வண்டியைப் போற்றும் அன்பர்களுக்குச் சில சொற்கள். திருத்தும் வேலையை ஒழுங்குமுறையிற் செய்தல் வேண்டும். முதலில் வால்வுகளின் இடைவெளி, அடுத்துப் பிளக்கும் தொடுகை முனைகளும், அதன்பின் டைமிங், காபரேற்றர் இறுதியிலேயே. முன்னவை பிழையாக இருக்கக் காபரேற்றரைத் திருகுவது, அத்திவாரம் சாய்ந்திருக்கச் சுவருக்கு வெள்ளையடிப்பது போலாகும். ஒரு முறைக்கு ஒரு திருத்தமே செய்க; செய்ததைக் குறித்து வைக்க. ஈயப் பெற்றோலுக்கென அமைந்த தலைமூடியாயின், வன்மையான வால்வு இருக்கைகளைப் பொருத்துவிக்க. பஞ்சிகாவத்தையில் உறுப்பு வாங்கும்போது எஞ்சின் இலக்கத்தையும் உடன் கொண்டுசெல்க. ஹெந்தளைக் கடல்மட்டத்தில் செவ்வையாக இசைந்த காபரேற்றர், ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் காற்று ஐதாதலாற் கலவையைச் செறிவாக்கும் என்பதையும் நினைவிற் கொள்க; அங்கே எழும் கரும்புகை நோயன்று, இடமாற்றத்தின் விளைவு.

முடிவாக ஒன்று கூற விரும்புகின்றோம். 1990களில் வடக்கில் மெக்கானிக்குமார் தேடிக் கண்ட அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. எந்த எஞ்சினுக்கு எத்தனை பாகை தாமதித்தனர், எவ்வளவு தாவர எண்ணெய் கலந்தனர், எத்தனை மைலுக்கு ஒருமுறை ஒயில் மாற்றினர் என்பன அவர்கள் கைகளிலும் நினைவுகளிலுமே தங்கியுள்ளன. அக்கைகள் முதுமையடைந்து வருகின்றன. அவருட் சிலர் இப்போது வத்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நம்மிடையே வாழ்கின்றனர். சிலர் கடல்கடந்து சென்றுவிட்டனர். விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் அவர்களை நாடிச்சென்று, கேட்டு, எழுதி, சூத்திரத்தோடு பொருத்திப் பார்ப்பாராயின், அஃது இவ்விழாவிற்கு ஏற்ற பணியாகும். பழைய மாணவர்களும் தாம் கண்டதையும் செய்ததையும் நம் சங்கத்திற்கு எழுதியனுப்புவாராக. இல்லாமையின் நடுவே மனிதர் கண்ட அறிவை, எல்லாம் உள்ள காலத்திற் பேணாது விடுதல் நன்றன்று.